குறுக்கே போனால்தான் சேலை

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிக் கைதட்டலை அள்ளிக்கொண்ட எதிரணித் தங்கச்சி அவர்களே!

பிரிந்து கிடக்கும் சமூகத்துப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து வாழக் கற்றுத் தருவது வீடா, பள்ளியா? இதுதான் இன்றைய தலைப்பு. தங்கச்சி சொன்னாக, "அம்மா மடிதான் முதல் பள்ளிக்கூடம்"னு. ஒத்துக்கிறேன். ஆனா, அந்த மடியில எத்தனை சாதிப் பிள்ளை படுத்திருக்கு? ஒரே வீடு, ஒரே சாதி, ஒரே குலசாமி! சேர்ந்து வாழப் பழகணும்னா முதல்ல வேற ஒருத்தன் பக்கத்துல வேணுமா இல்லையா? பாயில படுத்துக்கிட்டு நீச்சல் பழக முடியுமாய்யா?

நான் திருச்சுழிப் பக்கத்துக் கரிசக்காட்டுப் பிள்ளை. கண்ணுக்கு எட்டின மட்டும் சீமைக்கருவேலம். மழை பெஞ்சா குண்டாத்துல தண்ணி, இல்லேன்னா மணல். அந்த வானம் பார்த்த பூமியில வறண்டே போகாத ஒண்ணு உண்டு. அது பகை. 1957-ல் முதுகுளத்தூர்க் கலவரம். அப்போ எங்க வட்டாரமும் பழைய ராமநாதபுரம் மாவட்டம்தான். அந்த வருஷத்தைப் பத்திப் பேசினாலே எங்கப்பா குரலைத் தாழ்த்திக்குவார். எந்தத் தெருவுல போகலாம், எந்தத் தெருவுல நிக்கக் கூடாது? எங்க வீடு எனக்குக் கத்துக்கொடுத்த பூகோளம் அதுதான்!

அப்புறம் 1997. போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு தலைவர் பேரை வைக்கப் போய்த் தென்மாவட்டத்துல மோதல் முத்திப்போச்சு. கடைசியில மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பேரையெல்லாம் அரசு எடுத்துடுச்சு. எங்க காமராசர் மாவட்டமும் விருதுநகர் மாவட்டம் ஆச்சு. காமராசர் பேர் பலகையிலிருந்து போயிருச்சு. ஆனா 1956-ல் அவர் தொடங்கி வச்ச மதிய உணவுப் பந்தி போகலையே! அந்தப் பந்தியில தட்டோட உக்காந்தவன் நான். பக்கத்துல உக்காந்து சாப்பிட்டது யாருன்னு தெரிஞ்சிருந்தா எங்க அப்பத்தா என்னை வாசப்படி ஏற விட்டிருக்காது. நான் பொய் சொல்லலை நடுவர் அவர்களே, சொல்லவே இல்லை!

"அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தானே பிள்ளைக கையில சாதிக்கயிறு கட்டிட்டு வருதுக?"ன்னு தங்கச்சி கேட்டாக. நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டுல நாங்குநேரியில ஒரு பிளஸ் டூ மாணவனை, கூடப் படிச்ச பயலுகளே வீடு புகுந்து வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்குப் பிறகு அமைச்ச நீதியரசர் சந்துரு குழு, கயிறு கூடாது, பள்ளிப் பேருல சாதி கூடாதுன்னு 2024-ல் பரிந்துரை கொடுத்தது. ஆனா அந்தக் கயிறு என்ன, வகுப்பறையில காய்ச்ச கொடியா? வீடும் தெருவும் கட்டி அனுப்பினது!

பெல்ஃபாஸ்ட் நகரத்துல கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் குண்டு வச்சுக்கிட்டு இருந்த காலம். 1981-ல் இரண்டு தரப்புப் பெற்றோரும் கூடினாக. 28 பிள்ளைகளோட லாகன் கல்லூரியை ஆரம்பிச்சாக. பேருதான் கல்லூரி, உள்ளது பள்ளிக்கூடம். "பாருங்க, பெற்றோர்தானே ஆரம்பிச்சாக, அப்போ வீடுதான்"னு தங்கச்சி எந்திரிப்பாக. அம்மா, உக்காருங்க. அந்தப் பெற்றோர் ஆரம்பிச்சது என்ன? பள்ளிக்கூடம்!

வாத்தியார் மேல தப்பே இல்லையா? இருக்கு. என் மேலயே இருக்கு. என் வகுப்புல கயிறு நிறம் பார்த்துப் பெஞ்சு பிரிஞ்சு கிடந்தது. பாடம் நடந்தாப் போதும்னு பல வருஷம் நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஒரு வருஷம் மனசு கேக்கலை. நாட்டுப்புறவியல் தாளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "உன் ஊர்ப் பாட்டு வேண்டாம். உன் பக்கத்துல உக்காராதவன் ஊருக்குப் போ. அவன் பாட்டிகிட்டத் தாலாட்டு கேட்டு எழுதிட்டு வா."

முரண்டு பிடிச்சாங்க. மார்க் போயிரும்னதும் போனாங்க. கயிறு கட்டின ஒரு பையன் திரும்பி வந்து சொன்னான்: "ஐயா, பாட்டு எழுதிட்டேன். அந்தப் பாட்டி செம்புல தண்ணி கொடுத்துச்சு. வாங்கக் கை நடுங்குச்சு. குடிச்சுட்டேன்யா. வீட்டுல சொல்லிராதீக."

இரண்டு வருஷம் கழிச்சு அந்தப் பாட்டி செத்துப்போச்சு. துட்டிக்கு அந்தப் பையன் போயிருக்கான். கையில கயிறு அப்பவும் இருந்துச்சாம். அந்தக் கையாலதான் பாடைக்கு மூங்கில் பிடிச்சானாம். பாட்டியோட பேரன் என்கிட்டச் சொல்லி அழுதான். கயிறு ஒரே நாள்ல அவுந்திருச்சுன்னு நான் சொல்லலை. ஆனா அந்தத் தெருவுக்குள்ள அந்தக் காலை முதல்முதலாப் போக வச்சது எது? வீடா? வீட்டுக்குத் தெரியவே கூடாதுன்னான் நடுவர் அவர்களே!

நம்ம அருப்புக்கோட்டைத் தறியைப் பாருங்க. பாவு நூல் நீளத்துக்கு ஓடுது, ஊடு நூல் குறுக்கே போகுது. ஒண்ணை ஒண்ணு தொட்டுக் குறுக்கே போனாத்தான் சேலை. எல்லா நூலையும் ஒரே பக்கமா முறுக்கினா அது கயிறு! வீடு நூல் தரலாம். தறி இருக்கிற இடம் பள்ளிக்கூடம். ஆகவே, பள்ளியே என்று தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.