ஒரே வசனம், ரெண்டு அளவுகோல்

செஞ்சியில எங்க வீட்டுல நடந்ததுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

30 வருஷமா எங்க நெல் வியாபாரக் கணக்கு எழுதறது பெரியம்மாதான். கமிட்டிக்குப் போன மூட்டை, வர வேண்டிய பாக்கி எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட பழைய கடனைக் கேட்டப்போ, "நான் எழுதிக் கொடுக்கலையே"ன்னார். "நான்தானே எண்ணிக் கொடுத்தேன்"னாங்க பெரியம்மா. "பொம்பள சாட்சி பாதிதான், குர்ஆன்லயே இருக்கு"ன்னு வாயை அடைச்சிட்டார்.

அவர் சொன்னது 2:282. குர்ஆன்லயே நீளமான வசனம். ராத்திரி முழுசாப் படிச்சேன். அதோட முதல் கட்டளையே, கடன்னா எழுதிக்கோங்க என்பதுதான்! அப்புறம்தான் சாட்சி: ரெண்டு ஆண்கள், இல்லேன்னா ஒரு ஆணும் ரெண்டு பெண்களும். காரணமும் கூடவே இருக்கு: ஒருத்தி தவறினா மற்றவள் நினைவூட்டணும்.

இப்போ கவனிங்க. எழுதச் சொன்னதைப் பழைய சட்ட அறிஞர்கள்ல பெரும்பாலானோர் கட்டாயமில்லை, நல்ல வழிகாட்டல்னு எடுத்துக்கிட்டாங்க. சாட்சி எண்ணிக்கை மட்டும் சட்டமா இறுகிடுச்சு. 20ஆம் நூற்றாண்டு அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான் வேற மாதிரி வாசிச்சார்: அன்னைக்குப் பெண்களுக்குக் கடன் விவகாரம் பழக்கமில்லை, அதனால அந்த ஏற்பாடு. பழகிட்டா ஏற்பாடு மாறலாம். இதை ஏற்காத ஆலிம்கள் நிறைய பேர். வசனத்தின் சொல்லே எக்காலத்துக்கும் சட்டம்ங்கிறது அவங்க வாதம்.

என் கேள்வி சின்னது. எழுதாம கடன் வாங்கினவர், எழுதச் சொன்ன அதே வசனத்தை வெச்சு, கணக்குத் தெரிஞ்சவங்களை மறுக்கலாமா?

பணம் இன்னும் வரலை. பெரியம்மா புது நோட்டு வாங்கிட்டாங்க. கடன் வாங்கறவங்க கையெழுத்துக்கு அதுல ஒரு கட்டம் போட்டிருக்காங்க.