பேரப்பிள்ளைகளின் பெயரில் வாங்கிய கடன்



'கிறிஸ்தவமும் இயற்கையும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தீர்கள். அந்தத் தலைப்போடு அரசாங்கத்தின் கஜானாவையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். ஆற்றையும் கஜானாவையும் ஒரே மூச்சில் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றும். பேசித்தான் ஆகவேண்டும். இரண்டும் நம்முடையவை அல்ல. இரண்டும் நம் கையில் ஒப்படைக்கப்பட்டவை. இரண்டுக்கும் ஒருநாள் கணக்குக் கேட்கப்படும். திருமறையை முழுமையாக நம்புகிறவன், அரசாங்கம் அளவோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன், அந்த நிலையில் நின்றுதான் உங்களோடு பேசுகிறேன். இதற்கு அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். இயற்கையைக் கெடுத்தது கிறிஸ்தவமா என்ற வழக்கு அங்கேதான் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது.

பழமைவாதக் கிறிஸ்தவர் என்றாலே காடு அழிந்தாலும் கவலைப்படாதவர் என்று அங்கே ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்தது? அதிபர் ரீகனின் முதல் உள்துறைச் செயலாளர் ஜேம்ஸ் வாட். அங்கே உள்துறை என்றால் காவல்துறை அல்ல. பொது நிலமும் தேசியப் பூங்காக்களும் அதன் கையில். வாட் பெந்தெகொஸ்தே சபைக்காரர். கடைசி மரம் விழுந்த பிறகு இயேசு வந்துவிடுவார் என்று அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னதாக ஒரு வாசகம் வருடக்கணக்கில் சுற்றி வந்தது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அதை நம்பித் திரும்ப எழுதிய பில் மோயர்ஸ் என்ற புகழ்பெற்ற பத்திரிகையாளர் 2005இல் வாட்டிடம் மன்னிப்புக் கேட்டார். 1981இல் வாட் அந்தக் குழுவின் முன் உண்மையில் சொன்னது என்ன? ஆண்டவர் வருவதற்குள் இன்னும் எத்தனை தலைமுறை இருக்கிறதோ எனக்குத் தெரியாது, எத்தனை இருந்தாலும் அவர்களுக்கும் மிச்சம் இருக்கும்படி இந்த வளங்களை நாம் நிர்வகிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் பதவியில் இருந்தபோது நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் பொது நிலத்தையும் கடலையும் திறந்துவிட்ட வேகம் அந்தச் சொல்லுக்குப் பொருந்தவில்லை. ஒருவர் சொல்லாததைச் சொன்னார் என்பது பாவம். சொன்னதைச் செய்யாமல் போனதும் பாவம். இரண்டையும் சொல்லாவிட்டால் இந்த மேடையில் நான் நிற்கத் தகுதியில்லை.

இந்த வழக்கின் முதல் குற்றப்பத்திரிகையை 1967இல் லின் வொயிட் என்ற வரலாற்றாசிரியர் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். பூமியை ஆண்டுகொள்ளுங்கள் என்ற வேத வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மேற்கத்தியக் கிறிஸ்தவம் இயற்கையைச் சூறையாட வழிவிட்டது என்பது அவர் வாதம். இதற்குப் பழமைவாதிகளின் பக்கமிருந்து பதில் சொன்னவர் பிரான்சிஸ் ஷேஃபர். சுவிட்சர்லாந்து மலையில் குடியிருந்த அமெரிக்கப் போதகர். கருக்கலைப்பை எதிர்த்த இயக்கத்துக்குப் பிற்காலத்தில் மூளையாக இருந்தவர். வேதத்தில் ஒரு புள்ளியையும் விட்டுக்கொடுக்காதவர். அவர் 1970இல் எழுதிய சிறு நூலில் வொயிட்டின் கட்டுரையை முழுதாகப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். எதிராளியை மறைக்காமல் வாசகர் முன் நிறுத்தினார். எனக்கு அந்த நேர்மை மிகவும் பிடிக்கும்.

அந்த நூலில் ஒரு நிகழ்ச்சி. ஒரு பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கல்வி நிலையம். அந்தப் பக்கம் ஹிப்பிகளின் குடியிருப்பு. ஷேஃபர் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிறார். மரங்கள், தோட்டம், மின்கம்பிகூடக் கண்ணில் படாதபடி கவனமாக அமைத்த அழகு. அங்கிருந்து திரும்பி இந்தப் பக்கம் பார்க்கிறார். கிறிஸ்தவர்களின் இடம் பார்க்கச் சகிக்கவில்லை. படைத்தவரை அறிவோம் என்று பிரசங்கிக்கிறவர்கள் படைப்பை இப்படி வைத்திருந்தால் அந்தப் பிரசங்கத்தை யார் நம்புவார்கள் என்று அவர் வெட்கப்பட்டார்.

அந்த வெட்கத்துக்கு வேதத்தில் வேர் இருக்கிறது. ஆதாமை ஏதேனில் வைத்தது எதற்கு? பயிரிடவும் காக்கவும். ஒரு நகரத்தை முற்றுகையிடும்போதுகூடக் கனிமரத்தை வெட்டாதே என்கிறது உபாகமம். போர்க்களத்தில், எதிரியின் நிலத்தில், எதிரியின் மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு! ஏழாம் வருடம் நிலத்துக்கு ஓய்வு கொடு என்கிறது லேவியராகமம். அந்த ஓய்வைக் கொடுக்காமல் ஏய்த்த தேசம் சிறைப்பட்டுப் போனது. அந்த எழுபது வருடமும் நிலம் தன் ஓய்வை எடுத்துக்கொண்டது என்று நாளாகமம் கணக்கு முடிக்கிறது. எசேக்கியேலைப் பாருங்கள். தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் காலால் கலக்கிவிட்டுப் போகும் கொழுத்த ஆடுகளை ஆண்டவர் நியாயத்தில் நிறுத்துகிறார். ஆலைக்கழிவைப் பற்றி இதைவிடத் துல்லியமாக யார் பேசியிருக்கிறார்கள்?

நண்பர்களே, அதே வேதத்தில் லூக்கா பதினாறாம் அதிகாரத்து உக்கிராணக்காரன் இருக்கிறான். எஜமானின் ஆஸ்தியை வீணாக்கினான் என்று அவன்மேல் புகார். கணக்கை ஒப்புவி என்கிறார் எஜமான். இந்த இடத்தில் என் பழமைவாத நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்குப் பழக்கமான கணக்கு இது. அமெரிக்க மத்திய அரசின் கடன் 2024 ஜூலையில் 35 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அந்த நிதியாண்டில் அந்த அரசு கட்டிய வட்டி, அதன் பாதுகாப்புச் செலவையே மிஞ்சியது. உலகத்திலேயே படைக்கு அதிகமாகச் செலவு செய்யும் நாடு, அந்தப் படைக்குக் கொடுப்பதைவிட அதிகமாக வட்டிக்குக் கொடுக்கிறது. இந்தக் கடனைக் கட்டப்போவது யார்? இன்னும் பிறக்காத பிள்ளைகள். அவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. நல்லவன் தன் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சுதந்தரம் வைத்துப்போகிறான் என்பது நீதிமொழிகளின் போதனை. இந்த ஆட்சியாளர்கள் கடன் பத்திரத்தை வைத்துப்போகிறார்கள்.

இதை அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்துதான் செய்தன. செலவைக் குறைக்காமல் வரியை மட்டும் குறைத்தவர்கள் தங்களைச் சிக்கனக்காரர்கள் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது.

அதே நியாயத்தைக் காற்றுக்கும் தண்ணீருக்கும் வையுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். பிறக்காத பிள்ளையின் பெயரில் கடன் வாங்குவது அநீதி என்று கொதிக்கிறவருக்கு, பிறக்காத பிள்ளையின் நிலத்தடி நீரில் நஞ்சு கலப்பது எப்படி அநீதியாகத் தோன்றாமல் போகும்? அதேபோல, பூமியை நேசிக்கிறேன் என்கிறவருக்கு, அந்தப் பூமியில் வாழப்போகிற பிள்ளையின் தலையில் ஏற்றும் கடன் எப்படிக் கண்ணில் படாமல் போகும்?

இரண்டும் ஒரே பாவம் என்று காட்ட ஓர் ஆற்றைச் சொல்கிறேன். பிளோரிடாவில் கிஸ்ஸிமி என்று ஓர் ஆறு. 103 மைல் தூரம் வளைந்து நெளிந்து ஓடி ஒக்கிச்சோபி ஏரியில் விழுந்தது. மழைக்காலத்தில் கரைகடந்து ஓரத்துச் சதுப்பில் பரவும். பிறகு மெல்ல வடியும். அந்தச் சதுப்பில் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். 1947இல் புயல் வெள்ளம் வந்தது. மக்கள் பாதுகாப்புக் கேட்டார்கள், கேட்டது நியாயம்தான். அரசாங்கம் என்ன செய்தது? 1962 முதல் 1971 வரை ராணுவப் பொறியாளர் படையை இறக்கி அந்த வளைவுகளையெல்லாம் அறுத்து, 30 அடி ஆழத்தில் 56 மைல் நீளத்துக்கு நேர்க்கோட்டில் ஒரு கால்வாயை வெட்டியது. ஆற்றின் பெயரை எடுத்துவிட்டு அதற்கு சி-38 என்று ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். சதுப்பு காய்ந்தது. குளிர்காலத்துக்கு வரும் நீர்ப்பறவைகளில் பத்தில் ஒன்பது பங்கு வராமல் போயின. சதுப்பு வடிகட்டி அனுப்பிய தண்ணீர், இப்போது மாட்டுப் பண்ணைக் கழிவோடு நேரே ஏரிக்குள் இறங்கியது.

கால்வாய் வேலை முடிந்த சூட்டோடு, பழைய ஆற்றைத் திருப்பிக் கொடுங்கள் என்ற குரல் எழும்பிவிட்டது. 1992இல் நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. 1999இல் வேலை தொடங்கியது. வெட்டிய கால்வாயில் 22 மைல் அளவுக்கு மண்ணைக் கொட்டி மூடி, தடுப்பணைகளை வெடிவைத்துத் தகர்த்து, பழைய வளைவுகளில் தண்ணீரைத் திருப்பினார்கள். 2021இல் முடிந்தது. செலவு ஏறக்குறைய 100 கோடி டாலர். கடன் வாங்கிக் கிணற்றைத் தூர்த்து, மறுபடி கடன் வாங்கி அதே கிணற்றைத் தோண்டிய குடும்பம் என்று வையுங்கள். பறவைகள் திரும்பி வந்தன. அதற்காக நான் கடவுளைத் துதிக்கிறேன். ஆனால் கெடுத்ததும் வரிப்பணம், சீராக்கியதும் வரிப்பணம். முதல் செலவைச் செய்யாமல் விட்டிருந்தால் இரண்டாவது செலவே வந்திருக்காது.

செலவு செய்யாமல் காப்பது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 1982இல் ரீகன் கையெழுத்திட்ட ஒரு சட்டம். கடலோரத் தடுப்பு நிலங்கள் சட்டம் என்று சொல்லலாம். கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ரோட் தீவு மாநிலத்துக் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் சேஃபி. அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் நீளமாகக் கிடக்கும் மணல் தீவுகளும் திட்டுகளும்தான் விஷயம். புயல் அடித்தால் முதல் அடியை வாங்குவது அவை. அவற்றின் மேல் மாளிகை கட்டுவார்கள். அரசாங்கம் சாலை போடும், பாலம் போடும், மலிவாக வெள்ளக் காப்பீடும் கொடுக்கும். புயல் அள்ளிக்கொண்டு போகும். மறுபடி அதே இடத்தில் கட்டுவார்கள். 1968இல் தொடங்கிய அந்தத் தேசிய வெள்ளக் காப்பீடு கடனில் மூழ்கி, 2017இல் அதன் கடனில் 1600 கோடி டாலரை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. யார் வீட்டுக்கு யார் பணம்? கடற்கரையையே பார்த்திராத கன்சாஸ் விவசாயியின் பணம்.

சேஃபியின் சட்டம் யாரையும் தடுக்கவில்லை. கட்ட விரும்புகிறவர் தாராளமாகக் கட்டலாம். ஆனால் சொந்தப் பணத்தில், சொந்தப் பொறுப்பில். மத்திய அரசின் சாலைப் பணம் கிடையாது, பாலத்துக்குப் பணம் கிடையாது, வெள்ளக் காப்பீடு கிடையாது. அவ்வளவுதான் சட்டம். புதிய அதிகாரிகளை நியமிக்கவில்லை, காவல் போடவில்லை, கையை மட்டும் மடக்கிக்கொண்டது அரசாங்கம். அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்றும் கட்டடம் ஏறாமல் கிடக்கிறது. அங்கே கடலாமை முட்டையிடுகிறது, வரிப்பணமும் மிஞ்சுகிறது. பழமைவாதக் கிறிஸ்தவரின் கைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை.

அதற்காக அரசாங்கம் எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருவன் அடுத்தவன் தண்ணீரைக் கலக்கினால் தடுப்பதற்குத்தான் அதிகாரம் இருக்கிறது. பெட்ரோலில் இருந்த ஈயத்தை 1985இல் பெருமளவு குறைக்கச் சொன்னது ரீகன் அரசு. செலவையும் பலனையும் தராசில் வைத்துப் பார்த்து எடுத்த முடிவு அது. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987இல் வந்தபோது ரீகன் அதற்கு ஆதரவாக நின்றார்.

கடைசியாக ஒரு மனிதர். பாப் இங்லிஸ். தென் கரோலினாவின் கிரீன்வில் பகுதியில் இருந்து நாடாளுமன்றத்துக்குப் போன குடியரசுக் கட்சிக்காரர். ஆழ்ந்த விசுவாசி. புவி வெப்பமாவதெல்லாம் முன்னாள் துணை அதிபர் அல் கோர் கட்டிய கதை என்று முதல் ஆறு வருடம் தள்ளிவிட்டவர். பதினெட்டு வயதாகி முதல்முறை வாக்களிக்கப்போன மகன், அப்பா, சுற்றுச்சூழல் விஷயத்தில் நீங்கள் திருந்த வேண்டும் என்றான். அண்டார்டிகாவுக்குப் போய்ப் பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழங்காலக் காற்றின் சாட்சியைப் பார்த்தார். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் ஒரு விஞ்ஞானியைச் சந்தித்தார். அந்த விஞ்ஞானி படைப்பைப் பார்த்துப் படைத்தவரை வணங்குகிற மனிதர் என்பது அவருடைய கண்களிலேயே தெரிந்தது என்று இங்லிஸ் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் 2009இல் கொண்டுவந்த மசோதாவைக் கவனியுங்கள். கரியமில வாயு ஒரு டன்னுக்கு 15 டாலரில் தொடங்கும் வரி. அந்த வரியில் ஒரு காசும் அரசாங்கத்தில் தங்கக்கூடாது; உழைக்கிறவரின் சம்பளத்தில் பிடிக்கும் வரியை அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். உழைப்புக்கு வரி குறைவு, புகைக்கு வரி அதிகம், அரசாங்கம் ஓர் அங்குலமும் வளராது. கலக்கிய ஆடு தண்ணீருக்கு விலை கொடுக்கட்டும் என்பதுதான் அது. அதே வருடம் ஜனநாயகக் கட்சியினர் கொண்டுவந்த பெரிய மசோதாவுக்கு எதிராக வாக்களித்தவரும் இவரே. கொள்கையில் ஓர் அடியும் விலகவில்லை.

2010இல் சொந்தக் கட்சியின் உள்தேர்தல் இறுதிச் சுற்றில் அவருக்குக் கிடைத்தது 29 சதவீத வாக்கு. வங்கிகளைக் காப்பாற்றும் செலவுக்கு 2008இல் ஆதரவாக வாக்களித்ததும் அவர் தோல்விக்கு ஒரு காரணம். ஆனாலும் தம் மக்களால் மன்னிக்க முடியாமல் போனது பருவநிலை பற்றிப் பேசியதுதான் என்பது அவர் கணிப்பு. அந்த மக்களும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவர்கள். கடனைப் பற்றி அவர்கள் பட்ட கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தின் மறுபாதியைச் சொன்ன மனிதரை வெளியே தள்ளினார்கள். எனக்கு அது வலிக்கிறது. இங்லிஸ் ஓயவில்லை. 2012இல் தம் கருத்துக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். கென்னடி பெயரிலான துணிவு விருது 2015இல் அவருக்குக் கிடைத்தது.

இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு டல்லஸிலும் ஹூஸ்டனிலும் நியூ ஜெர்சியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே குடியுரிமை பெற்று, சபைகளில் மூப்பர்களாக இருந்து, தேர்தலில் வாக்களிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது அவர்களிடம் சொல்லுங்கள்: வாக்குக் கேட்டு வருகிறவரிடம், என் பிள்ளைகளின் தலையில் எவ்வளவு கடன் ஏற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அதே ஆளிடம், அதே நாளில், என் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் என்ன கலக்க விடப்போகிறீர்கள் என்றும் கேளுங்கள். ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு நழுவுகிறவருக்கு, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், எந்த வேத வசனத்தைச் சொன்னாலும், உங்கள் வாக்கைக் கொடுக்காதீர்கள்.