எந்த வாசல் வழியாக நுழைகிறோம்?

(மாலை நேரப் பாடசாலைத் தன்னார்வலர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் உழைப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். களத்தில் யாரைச் சந்தித்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இந்தப் படிப்புக்கு எப்படி வந்தீங்க?" அதற்கு வரும் பதில்களில் சாதி இருக்கிறது.

ஒரு தங்கையைப் பற்றிச் சொல்கிறேன். சேரியில் அவர் குடும்பத்தில் முதன்முதலாகப் பிளஸ் டூ முடித்தவர். உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். தேர்வு முடிவு வந்த வாரமே ஒரு ஏஜெண்ட் வீடு தேடி வந்துவிட்டார். "நர்சிங், ஒரே வருசம், வேலை உறுதி." அம்மா தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார். படித்து முடித்த பிறகுதான், அந்தச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியாது என்று தெரிந்தது. பதிவு இல்லாவிட்டால் அவர் செவிலியர் ஆக முடியாது. இன்று பன்னிரண்டு மணி நேரம் செவிலியர் செய்யும் வேலையைத்தான் செய்கிறார். வாங்குவது உதவியாளர் சம்பளம்.

இதை 'விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஊர்த்தெருவில் அதே மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அரசு அலுவலகத்தில் ஒரு மாமா இருப்பார். ஒரு போன் போதும். சேரிப் பிள்ளைக்கு அந்த மாமா இல்லை. நிலத்தைப் போலவே தகவலும் இங்கே சாதி பார்த்துத்தான் பங்கிடப்பட்டிருக்கிறது.

அந்தத் தங்கைக்கு வேறொரு வாசல் திறந்தே இருந்தது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. தமிழ்நாட்டில் இதற்கு நீட் மதிப்பெண் கேட்பதில்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் எடுத்த மதிப்பெண்தான் கணக்கு. அரசுக் கல்லூரி இடங்களோடு, தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இதே கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. அங்கே 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு: பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1.

இதே தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும்? குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் 2018இல் வந்த ஒன்றிய அரசின் விதிமுறை, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது என்கிறது. ஒரே வகுப்பறை, ஒரே பட்டம். ஏஜெண்ட் கையைப் பிடித்து நுழைந்த பிள்ளைக்கு இடஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. கடன் மட்டும் இருக்கும்.

இன்னொரு இடத்திலும் கதவு மூடப்படுகிறது. அது பத்தாம் வகுப்பு முடிந்ததும் நடக்கிறது. "உனக்குச் சயின்ஸ் வராது" என்று எந்தப் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பிளஸ் ஒன்னில் நர்சிங் என்ற பெயரிலேயே ஒரு தொழிற்பிரிவு இருக்கிறது. பெயரை நம்பி அதில் சேர்ந்துவிட்டு, பட்டப்படிப்புக்கு இயற்பியலும் வேதியியலும் வேண்டும் என்பதை இரண்டு வருசம் கழித்து அறிந்துகொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

"நம்ம பொண்ணுங்களை ஏன் நர்சிங்குக்கு அனுப்பணும், டாக்டர் ஆக்கக்கூடாதா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ரத்தம், மலம், பிரசவத் தீட்டு என்று ஒதுக்கிய வேலைகளை இந்தச் சமூகம் சில சாதிப் பெண்கள் தலையில்தான் கட்டியது. பிள்ளை பெற வைத்த மருத்துவச்சியின் கை வேண்டும், அவர் வீட்டுத் தண்ணீர் வேண்டாம். அந்தக் கைகளின் அறிவு இன்று ஒரு பல்கலைக்கழகப் பட்டம். இந்தியாவில் அந்தப் பட்டப்படிப்பு 1946இல் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. விரும்பிப் படிக்கிற பெண் பட்டத்தோடும் பதிவோடும் போகட்டும். இரண்டும் இல்லாமல் போனால், சீருடை மட்டும் மாறிய பழைய குலத்தொழில்தான் அவருக்கு மிஞ்சும்.

பட்டம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2015இல் தேர்வெழுதி அரசு மருத்துவமனைகளுக்கு வந்த ஒப்பந்தச் செவிலியர்களுக்குக் கொடுத்த மாதச் சம்பளம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு பணி நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். பதிவு பெற்ற செவிலியர் என்பதால்தான் அந்த உரிமையை அவர்களால் கேட்க முடிந்தது. நம் தங்கையால் அப்படிக் கேட்கக்கூட முடியாது.

உங்களிடம் கேட்பது பெரிய விசயமில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுக்குப் பிரிவு தேர்வதற்கு முன்பே போங்கள். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் தேர்வு முடிவுக்கு முன்பே இ-சேவை மையத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கலந்தாய்வு அறிவிப்பு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புங்கள். எந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னாலும், இந்திய செவிலியர் குழுமத்தின் பட்டியலிலும் மாநிலக் குழுமத்தின் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட விடாதீர்கள்.

ஏஜெண்ட் தேர்வு முடிவு வந்த வாரமே வந்துவிடுகிறார். நாம் அதற்கு முந்தைய வாரமே அந்த வீட்டில் இருக்க வேண்டும்.