விளையாட்டில் பெண்ணுக்கு இடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சாலைக் கடைவீதியை ஒட்டிய நம் ஆரியசாலை இல்லங்களில் பிள்ளைகள் பலர் இன்று கதைகளைச் சந்திப்பது கைப்பேசித் திரையிலேதான். அக்கதைகளில் பெண் எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பது பெற்றோராகிய நமக்குக் கடமையாகும்.

விளையாட்டு தமிழ்ப் பெண்ணுக்குப் புதியதன்று. பல்லாங்குழியும் தாயமும் அவள் கையில் வளர்ந்தவை. சதுரங்கத்தைப் பாருங்கள்! நம் நாட்டுப் பலகையில் அரசனுக்கு அருகே நின்றவன் மந்திரி. அக்காய் ஐரோப்பாவிற்குச் சென்றபின் அரசியாயிற்று. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலகையிலேயே பேராற்றல் படைத்த காயாகவும் உயர்ந்தது.

ஆனால் அதே மேலைநாட்டிலும் ஜப்பானிலும் வீடியோ விளையாட்டு பிறந்தபோது பெண்ணுக்குக் கிடைத்த இடம் யாது? 1981இல் வெளிவந்த 'டாங்கி காங்' ஆட்டத்தில் அவள் குரங்கின் கையில் அகப்பட்டுக் கதறுகிறாள். ஆடவன் ஏணியேறி மீட்கிறான். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்திலும் அவள் சிறைப்பட்ட இளவரசியே. 1986இல் 'மெட்ராய்டு' வந்தது. அதில் கவசம் பூண்டு போரிடும் வீரர் ஒரு பெண் என்பது, விரைந்து ஆடி முடித்தவர்க்கு மட்டுமே இறுதியில் தெரியவரும்! 1996இல் 'டூம் ரைடர்' ஆட்டத்தின் நாயகியாக லாரா கிராஃப்ட் தோன்றினாள்; தொல்பொருள் தேடும் துணிவுடையவள். அவளுடைய அறிவைக் காட்டிலும் உடலையே விளம்பரங்கள் பெரிதாகக் காட்டின.

இதனால் வரும் குறை என்ன என்று கேட்கலாம். நாவலில் வரும் பெண்ணை நாம் பார்க்கிறோம். ஆட்டத்தில் வரும் பெண்ணாக நாமே நிற்கிறோம். அவள் எந்த வழி செல்வது, என்ன விடை கூறுவது என்பவற்றை நம் கையே முடிவு செய்கிறது. ஆகவே, மீட்கப்படும் பொருளாக மட்டும் பெண்ணைக் கண்டு பழகிய சிறுவனுக்கு, அவள் நிலையில் நின்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. சிறுமிக்கோ, தன்னைப் போன்ற ஒருத்தி முடிவெடுப்பதைக் காணும் வாய்ப்பு இல்லை.

நம் நாட்டில் இந்நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் 'ராஜி' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அரக்கர் கவர்ந்து சென்ற தம்பியைத் தமக்கை தேடிச் செல்கிறாள். மீட்கும் கை இங்கே பெண்ணின் கை.

அதனினும் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது 2023இல் வந்த 'வெண்பா'. கனடாவின் டொரண்டோ நகரத்து விசை கேம்ஸ் படைத்தது. வெண்பா என்பது இங்கே ஒரு தாயின் பெயர். கணவர் பாவலன், மகன் கவின். இந்தியாவிலிருந்து கனடாவிற்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம். 1988இல் கதை தொடங்குகிறது. பகைவர் இல்லை, துப்பாக்கி இல்லை. வெண்பாவின் தாய் எழுதித் தந்த சமையல் குறிப்பேடு சிதைந்து, எழுத்துகள் அழிந்து கிடக்கின்றன. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் ஆக்குவதே ஆட்டம். இட்லித் தட்டுகளை ஆவி பரவுமாறு முறையாக அடுக்க வேண்டும். தவறினால் மீண்டும் முயல வேண்டும். மகன் வளர வளர ஆங்கிலத்திலே விடை கூறுகிறான். தாய் என்ன மறுமொழி சொல்வது என்பதைப் பல இடங்களில் ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார். பின்னர் ஒரு பகுதியில் நாம் மகனாகி, தாயின் குறிப்புகளைப் படிக்கத் திணறுகிறோம்.

இந்த ஆட்டம் 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. யாரும் கணக்கில் கொள்ளாத அடுக்களை உழைப்பை, அறிவும் நினைவும் வேண்டும் வேலையாக அது காட்டியது.

கனடாக் கதை நமக்கு எதற்கு என்று தள்ளிவிட முடியுமா? வணிகத்தின் பொருட்டும் பணியின் பொருட்டும் இந்நகரில் வந்து தங்கியவர்கள் நாம். அன்னை தமிழில் கேட்கிறாள். பிள்ளை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் விடையளிக்கிறான். அவள் எழுதி வைத்த தமிழை அவனால் படிக்க இயலாத நாள் வந்தால், அவளுடைய வாழ்வே அவனுக்குச் சிதைந்த ஏடாகிவிடாதா?

நவராத்திரிக் காலத்தில் வேளிமலைக் குமாரசுவாமி நம் ஆரியசாலைக் கோயிலில் தங்குகிறார். உடன் வரும் சரசுவதி தேவியையும் முன்னுதித்த நங்கையையும் சாலையோரம் நின்று வணங்குகிறோம். கல்வித் தெய்வத்தைப் பெண்ணாக வணங்கும் நாம், வீட்டிலுள்ள கணினியைத் தம்பிக்கு முதலிலும், நேரம் மிஞ்சினால் மட்டும் அக்காவிற்கும் தருவது முறையாகுமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன். பிள்ளை ஆடும்போது சற்றே அருகில் அமர்ந்து, "இதில் நீ யாராக இருக்கிறாய்?" என்று கேளுங்கள். பெண் குழந்தைக்கும் ஆட வாய்ப்புக் கொடுங்கள். ஆட்டம் படைக்கவும் கற்பியுங்கள். 1982இல் புகழ்பெற்ற 'ரிவர் ரெய்டு' ஆட்டத்தை இயற்றியவர் கேரல் ஷா என்னும் பெண்மணி. 1990இல் தோன்றிய டெக்னோபார்க் நம் நகரிலேயே இருக்கும்போது, நம் பெண்களுக்கு அத்துறை எட்டாததன்று. இறுதியாக, பாட்டி சொல்லும் சமையல் முறைகளைப் பேரனும் பேத்தியும் தம் கையாலேயே தமிழில் எழுதட்டும். தாயின் கைப்பக்குவமும் தாய்மொழியும் ஒரே ஏட்டில் நிலைபெறும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!