கைவிளக்கும் லோங்காங்கும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். 'கைவிளக்கேந்திய காரிகை யார்?' என்று கேட்டால் கடைசி வரிசைப் பையன்கூடக் கையைத் தூக்குவான். கிரிமியப் போர் நடந்தபோது, 1854 நவம்பரில், 38 தாதியரோடு துருக்கியிலுள்ள ஸ்குட்டாரிக்குப் போனார். பெரிய படைவீடு ஒன்றைப் பிரிட்டிஷார் அங்கே இராணுவ மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். இரவெல்லாம் விளக்கோடு நடந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். பாடம் இதோடு முடிந்துவிடும். பாடத்தில் வராத மீதிக் கதையைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

அம்மையார் போன பிறகும் சாவு குறையவில்லை. கூடிக்கொண்டே போனது! 1855 பிப்ரவரியில், சிகிச்சைக்கு வந்த நூறு பேரில் 42 பேருக்கு மேல் இறந்தார்கள். குண்டடி பட்டு இறந்தவர்களைவிட வயிற்றுக்கடுப்பிலும் காலராவிலும் காய்ச்சலிலும் இறந்தவர்களே அதிகம். அந்தப் போர் முழுவதிலும் நோயினால் மட்டும் மாண்ட பிரிட்டிஷ் வீரர்கள் சுமார் 16,000 பேர். போரிலும் காயத்திலும் மாண்டவர்கள் 5,000 பேருக்கும் குறைவு. அன்புக்கு அங்கே பஞ்சமில்லை, ஐயா. பின்னே ஏன் இத்தனை சாவு?

அதைக் கண்டறிய இலண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழுவை அனுப்பினார்கள். டாக்டர் ஜான் சதர்லேண்ட், டாக்டர் ஹெக்டர் கேவின் என்ற இரு மருத்துவர்கள். இராபர்ட் ராலின்சன் என்ற பொறியியலாளர் ஒருவர். லிவர்பூல் நகரத்துச் சுகாதார மேற்பார்வையாளர்கள் சிலரும் கூடப் போனார்கள். 1855 மார்ச்சில் ஸ்குட்டாரியில் இறங்கினார்கள்.

குழு வருவது என்றால் நமக்குத் தெரியாதா? மாலை போடுவோம், தேநீர் கொடுப்போம், படம் பிடிப்போம், காரில் ஏற்றி அனுப்புவோம். ஆனால் இந்தக் குழுவுக்குப் போட்ட கட்டளையே வேறு. 'அறிக்கை எழுதிவிட்டுத் திரும்பாதீர்கள். வேலையைத் தொடங்கச் செய்யுங்கள். முடியும்வரை தினமும் நின்று பாருங்கள்' என்பதுதான் அதன் சாரம்.

அவர்கள் நோயாளியின் நாடியைப் பிடிக்கவில்லை. கட்டடத்துக்கு அடியிலே பார்த்தார்கள். கழிவுநீர்க் கால்வாய்கள் அடைத்துக்கொண்டு, மருத்துவமனையே மலக்குழியின் மேல் உட்கார்ந்திருந்தது. கக்கூஸ் குழாய் வழியாக அந்த நாற்றக் காற்று நோயாளிகள் படுத்திருந்த இடத்துக்கே ஏறி வந்தது. குடிதண்ணீர் வரும் வாய்க்காலைத் தோண்டிப் பார்த்தால், அதற்குள் செத்த குதிரை ஒன்று அழுகிக் கிடந்தது! அந்தத் தண்ணீரைத்தான் நோயாளிகள் குடித்தார்கள்.

வேலை உடனே தொடங்கியது. முதல் இரண்டு வாரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைவண்டி, கூடை குப்பையை அள்ளினார்கள். செத்த பிராணிகளைப் புதைத்தார்கள். சாக்கடைகளைக் கழுவி விட்டார்கள். எலி குடியிருந்த மரத்தட்டுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள்.

பலன் என்ன? பிப்ரவரியில் நூற்றுக்கு 42.7 என்றிருந்த சாவு, ஜூன் மாதத்தில் 2.2 ஆக இறங்கியது. குளிர்காலம் கழிந்ததும், நல்ல உணவும் துணியும் வந்து சேர்ந்ததும்கூடக் காரணங்கள்தாம். ஆனாலும் பிரிட்டிஷ் படையைக் காப்பாற்றியது அந்தக் குழுதான் என்று நைட்டிங்கேல் அம்மையாரே பின்னாளில் எழுதினார். புகழைத் தாமே வைத்துக்கொள்ளாமல் பங்கிட்டுக் கொடுத்த பெருமனசு அது. நாடு திரும்பியதும் சாவுக் கணக்கையெல்லாம் படமாக வரைந்து, சுகாதாரம் எத்தனை உயிரைக் காக்கும் என்று ஆட்சியாளர்களுக்குக் காட்டினார். கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். குழு உத்தரவு போட்டது. சாக்கடையில் இறங்கியவர்கள் கூலியாட்கள். குழுவினரின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1901-இல் கிள்ளானில் மலேரியா மக்களை வாரிக்கொண்டு போனது. அங்கே டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடிகால் வெட்டி வடியவிடச் செய்தார். காய்ச்சல் குறைந்தது. பிறகு ரப்பர் தோட்டங்களிலும் அதே வேலை நடந்தது. டாக்டரின் பெயர் நமக்குத் தெரிகிறது. வடிகால் வெட்டியவர்கள்?

நான் முன்பு வேலை பார்த்த தோட்டப் பள்ளி ஒன்றில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன், 'என் அப்பா ஆபீசில் வேலை செய்கிறார்' என்று எழுதியிருந்தான். அவன் அப்பா லயத்துக்குப் பின்னால் லோங்காங் சுத்தம் செய்பவர். எனக்குத் தெரியும். தனியாகக் கூப்பிட்டு, "ஏன் தம்பி அப்படி எழுதினே?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "சிரிப்பாங்க சார்" என்றான். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்றும் அது என் மனசை அறுக்கிறது. ஸ்குட்டாரிக் கதை அன்றே தெரிந்திருந்தால், "உன் அப்பா பார்க்கும் வேலைதானடா அந்தச் சாவை நிறுத்தியது!" என்று சொல்லியிருப்பேன்.

ஆகவே பெற்றோர்களே, உங்களிடம் இரண்டே வேண்டுகோள். "படிக்கலேன்னா லோங்காங் கழுவத்தான் போவே" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்; ஆனால் எந்த உழைப்பையும் இழிவாகக் காட்டிப் படிக்கச் சொல்லாதீர்கள். அடுத்து, வீட்டுக் குப்பையை லோங்காங்கில் கொட்டாதீர்கள். அதை அள்ளுபவரும் நம்மவர்தான். அது அடைத்துக்கொண்டால் படுக்கையில் விழுவதும் நம் பிள்ளைதான்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கும் உங்களில் சிலர் நாளை தாதியாகலாம், டாக்டராகலாம், என்ஜினியராகலாம். விளக்கை ஏந்துங்கள். அந்த விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, கட்டடத்துக்கு அடியிலும் பாருங்கள். அங்கே மண்வெட்டியோடு ஒருவர் நின்றால், அவருக்கும் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.