வீட்டில் தூஷணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



வளரும் பிள்ளைகள் தூஷணம் பேசுவதைப் பற்றியும், அதற்கு வீட்டிலே வகுக்கவேண்டிய விதிகளைப் பற்றியும் பேசுமாறு எம்மைப் பணித்த காரியதரிசி அவர்கள், உதாரணங்களைத் தவிர்த்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார். அவ்வாறே செய்வோம். இச்சபையில் உதாரணம் தேவைப்படுவோர் ஒருவரும் இலர் என்பது எமது துணிபு.

தூஷணம் என்பது வடசொல். பழித்தல், கெடுத்தல் என்று பொருள்படும். சபையிற் சொல்லத்தகாத சொற்கள் உள என்பதை நம் இலக்கணகாரரும் அறிந்திருந்தனர். நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றற்கு இடக்கரடக்கல் என்று பெயரிட்டார். 'கால் கழுவி வந்தான்' என்று நாம் சொல்வது அவ்வழக்கே. ஆனால் இன்று எம்மை வருத்துவது இடக்கரான பொருளைக் குறிக்கும் சொல்லன்று. ஒரு மனிதன்மீது கல்லைப்போல எறியப்படும் சொல்.

இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணித் தண்டிப்பதே பெற்றோர் பலர் விடும் பிழை. கல்லிலே கால் இடறிய பையன் வாயில் ஒரு சொல் வந்துவிடுகின்றது. இங்கிலாந்திலே கீல் பல்கலைக்கழகத்தார் 2009இல் மாணவர்களைக் குளிர்நீரிலே கை வைத்திருக்கச் செய்து பார்த்தனர். தூஷணச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர்கள் சாதாரணச் சொல்லைச் சொன்னபோதினும் கூடியநேரம் தாங்கினர். மகிழவேண்டாம், வாலிபர்களே! 2011இல் அவர்களே வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, நாள்தோறும் அதிகமாகத் தூஷணம் பேசுவோர்க்கு அந்த நன்மை குறைந்துவிடுகின்றது. சும்மா செலவழித்தவனுக்கு வேண்டியபோது கையில் ஒன்றுமில்லை.

இனி எமது வீட்டுக் கதைக்கு வருவோம். எமக்குப் பதினைந்து வயது மகன் ஒருவன் உளன். ஓரிரவு அவன் கைத்தொலைபேசியிலே நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருக்கையில், ஒருவனுடைய தாயைக் குறித்து ஒரு சொல் சொன்னான். அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அவனுடைய தாய் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். நாம் கொதித்தெழுந்து அவனை ஏசினோம். ஏசி முடிந்தபின் அவன் மெதுவாக, "அப்பா, நீங்கள் இப்ப என்னைச் சொன்னது என்ன?" என்று கேட்டான். நாம் சொன்னது அவன் சொன்னதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எமது தாயார், "அவன் பள்ளிக்கூடத்திலை பழகினதெண்டே நினைச்சனி?" என்றார்.

அதன்பின் சில மாதம் தண்டப்பணம் அறவிட்டுப் பார்த்தோம். ஒரு சொல்லுக்கு இருபது ரூபா, பழைய பால்மா டின்னிலே போடவேண்டும். ஒருநாள் மகன் நூறு ரூபாத் தாளைப் போட்டுவிட்டு, ஐந்து சொல்லுக்கு முற்பணம் என்றான். அன்றோடு அந்த டின் அடுப்படிக்குத் திரும்பிற்று.

பின்னர் எல்லோரும் கூடியிருந்து பேசினோம். எட்டாம் வகுப்பிற் படிக்கும் மகள், "இந்தச் சொல்லுகள் எல்லாம் ஏன் அம்மாவையும் அக்காவையும் பற்றினதாகவே இருக்கு?" என்று கேட்டாள். இத்தனை வயதாகியும் நாம் அதை எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டு ஆண்கள் சண்டையிட, அடி மட்டும் அங்கே இல்லாத பெண்ணுக்கு விழுகின்றது. ஆகவே ஒருவருடைய தாய், சகோதரி, பிறப்பு, உடற்குறை ஆகியவற்றை இழுக்கும் சொல் பகிடியாகவோ கைத்தொலைபேசியில் எழுத்தாகவோகூட வரலாகாது என்று முடிவுசெய்தோம். நோவிலும் திடுக்கத்திலும் தவறி வருவதற்குத் தண்டனையில்லை. சிறு பிள்ளைகள் முன்னிலையிலும் சாப்பாட்டு வேளையிலும் எல்லோரும் அடக்கிக்கொள்ள வேண்டும். எறியப்பட்ட சொல்லுக்குப் பணம் இல்லை. எறிந்தவரே, எவர்மீது எறிந்தாரோ அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். இவ்விதி எமக்கும் உண்டா என்று மகன் கேட்டான். உண்டு என்றோம்.

அப்பொழுதுதான் அவன் மற்றொன்றையும் கேட்டான். "வேலி அடைக்க வாறவரை நீங்கள் 'டேய்' எண்டு கூப்பிடுறது தூஷணமில்லையோ? அவருக்கு உங்களிலும் வயசு கூட."

பெரியோர்களே, இதற்கு நாம் மறுமொழி தேடினோம். ஊர் வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தோம். எமது தந்தையாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார். அவருடைய தகப்பனாரையும் அப்படியே. ஒரு கெட்ட சொல்லும் சேராமல், வெறும் இரண்டெழுத்தால், மூன்று தலைமுறையாக ஒரு குடும்பத்தை நாம் ஏசிக்கொண்டிருந்திருக்கின்றோம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, சொல்லால் மனிதரைத் தாழ்த்தலாம் என்பதை எங்கே கற்றான் என்று இனி எவரை விசாரிப்பது?

மறுவாரம் அவர் பனையோலையோடு வந்தார். மகன் திண்ணையிலே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எம்மையே பார்த்திருந்தான். நாம் படலையடிக்குச் சென்று, "அண்ணை, வாருங்கோ" என்றோம்.

அவர் தமக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்களாக்கும் என்று திரும்பிப் பார்த்தார்.