கணக்கு அறிந்த பதிப்பாசிரியர்



பணத்தோடு பழகியவர்களுக்கும் பழஞ்சுவடிகளுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நியூயோர்க்கில் வங்கித் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜே. பி. மோர்கன் அரிய கையெழுத்துச் சுவடிகளை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்தார். அவர் மறைந்தபின், 1924இல் அவருடைய மகன் அந்தச் சேகரிப்பைப் பொது நூலகமாக்கினார். அத்தகைய செல்வம் எதுவுமின்றி அதே வேட்கையோடு வாழ்ந்த நம்மவர் ஒருவரைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

அவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1832இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்தார். வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி. ஏ. பரீட்சையில் தேறினார். அரசாங்கக் கணக்குச் சாலையிற் கடமையாற்றினார். பின்னர் சட்டம் பயின்று புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். சொந்த நாட்டை மறவாமல் ஏழாலையிலே ஒரு சைவப் பாடசாலையையும் நிறுவினார்.

வரவு செலவு பார்த்த அந்தக் கண்தான் ஏடுகளின் நட்டத்தையும் கண்டது. கட்டை அவிழ்த்தால் ஓலை ஒடிகிறது. புரட்டினால் எழுத்து உதிர்கிறது. ஊர் ஊராகத் தேடிப் பிரதிகளைப் பெற்றார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், கைப்பொருளைச் செலவிட்டு அச்சேற்றினார். 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று நூல்கள் வெளிவந்தன. 1901இல் அவர் மறைந்தார்.

மோர்கன் சுவடியைச் சொத்தாகப் பேணினார். பிள்ளையவர்களோ ஒரு சுவடியைப் பல நூறு பிரதிகளாக்கினார். பூட்டிவைத்த ஏடு ஒரு நாள் அழியும், பலர் கைக்குப் போன ஏடு அழியாது என்பதே அவர் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. முல்லைத்தீவில் எங்கள் பேரனாரிடம் ஒரு வாகட ஏடு இருந்தது. அடுப்புப் புகை படும்படி பரணில் வைத்திருப்பார். படியெடுக்கக் கேட்டு வந்தவர்களுக்கு அவர் கொடுத்ததில்லை. "கை மாறினால் மருந்து பலிக்காது" என்பார். அவருக்குப் பின் நாங்களும் கொடுக்கவில்லை. 2009இல் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியபோது அந்தத் தகரப் பெட்டியை வழியில் விட்டுவிட்டோம். ஒருவர் படியெடுத்திருந்தாலும் அது இன்று எங்காவது இருந்திருக்கும்.

வன்னியிலே கண்ணகை அம்மன் கதையையும் வைத்திய முறைகளையும் ஏட்டில் எழுதிக் காத்த குடும்பங்கள் பல. அவற்றுள் எஞ்சிய ஏடு உங்கள் வீட்டில் இருந்தால், அருள்கூர்ந்து அதைப் படம் பிடிக்க விடுங்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் பாதுகாத்து வருகிறது. ஏடு உங்களிடமே இருக்கட்டும். எழுத்து எல்லோரிடமும் போகட்டும்.